ஐயா என்ன சொல்றார்?

அவளுக்கு வாயக்கா என்று பட்டம் கட்டியது மருந்து வண்டி தள்ளிவரும் சின்ன சிஸ்டர்தான். வாயாடி என்பதற்காக இல்லை. சொல்லப்போனால் அவள் அதிகம் பேசுகிறவளே இல்லை. அந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளம் முழுக்கப் பக்கவாதத்தில் பேச்சு போனவர்களும், நினைவு கலங்கி வார்த்தையைத் தொலைத்தவர்களும்தான். அவர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலையில் இருந்த அவள்தான் அவர்களுக்கெல்லாம் வாய். யாராவது காலையிலிருந்து முனகிக்கொண்டே இருந்தால், சிஸ்டர் ஊசியை எடுப்பதற்கு முன் அவளைத்தான் கூப்பிடுவாள். அவள் வருவாள், கட்டிலோரம் உட்காருவாள், முகத்தைப் பார்ப்பாள், பிறகு முதுகுக்கடியில் சுருண்டு கிடந்த விரிப்பை இழுத்துவிடுவாள். முனகல் நின்றுவிடும். "எக்ஸ்ரே மெஷினுக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி இருக்கா" என்பாள் சிஸ்டர்.

இந்த வித்தை எங்கேயும் போய்ப் படித்து வந்ததில்லை. அவளுடைய அப்பா ஒரு மாதிரியான மனிதர். வேலை விட்டு வந்து சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். மெதுவாகப் போட்டால் சாப்பாடு, தூக்கம். டமால் என்று விழுந்தால் அம்மா அடுப்பங்கரையிலிருந்து கண்ணாலேயே கேட்பாள். இவள் வாசலுக்குப் போய் அப்பாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்: தண்ணீர் கொண்டுபோகலாமா, கண்ணிலேயே படாமல் இருப்பது நல்லதா. தப்பாகச் சொன்னால் அடி அம்மாவுக்கு விழும். பாவாடை கட்டத் தெரியாத வயதிலேயே ஒருவர் முகத்தைப் படிக்கத் தெரிந்தது அப்படித்தான்.

வளர்ந்த பிறகு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். படியேறி வருகிறவர் வாங்க வந்தவரா, மின்விசிறிக் காற்று வாங்க வந்தவரா என்று முதலாளிக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். வாழ்க்கைப்பட்டது ஒரு பெயின்டருக்கு. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை என்கிற ஆள். அவருக்கு எந்தச் சட்டை பிடிக்கும், யாரிடம் வேலைக்குப் போக இஷ்டமில்லை என்பதையெல்லாம் அவளே கண்டுபிடித்து அவளே முடிவும் செய்துவிடுவாள். அவர் மறுத்ததில்லை. மறுக்காததையெல்லாம் அவள் சம்மதக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். மகள்தான் வசத்துக்கு வரவில்லை. மேலே என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டுவிட்டு, கணக்குதானே, உன் முகத்திலேயே எழுதியிருக்கே என்று பதிலையும் இவளே சொன்னபோது மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நீ கேக்கவே மாட்ட. கேக்கற மாதிரி சொல்லுவ."

வாயே திறக்காத கணவர்கூட அன்றைக்குச் சிரித்துவிட்டார். அவளும் சேர்ந்து சிரித்தாள். மகள் வேறு பாடம் எடுத்துப் படித்தாள்.

துணிக்கடை மூடப்பட்ட பிறகுதான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். தூக்கி உட்காரவைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, குழாயில் கஞ்சி விடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று தனியாக ஒரு வகுப்பே இருந்தது. நின்றுகொண்டு பேசாதே, அவர் கண்ணுக்கு நேராக உட்கார். கையைத் தொடு. முகம் மலர்ந்திரு. பயிற்சி கொடுத்த அம்மாள் வகுப்பில் ஒருத்தியை நோயாளியாக நடிக்கவிட்டு, மற்றவர்களை ஒவ்வொருவராகப் பேசச் சொன்னார். மற்றவர்கள் வெட்கப்பட்டு இளித்துக்கொண்டு நின்றார்கள். இவள் போய் உட்கார்ந்ததும் நடித்தவளுக்கே அழுகை வந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது. இவளை நிற்கவைத்துப் பாராட்டுவதிலேயே நேரம் போய்விட்டதால் அன்றைய பாடத்தில் மிச்சமிருந்ததை அடுத்த நாளைக்குத் தள்ளினார்கள். அடுத்த நாள் படுக்கைப்புண் பாடம் ஆரம்பமாகிவிட்டது.

ஏலக்காரர் இல்லத்துக்கு வந்தபோது அவளுக்கு அங்கே நல்ல பெயர். மீன் மார்க்கெட்டில் காலமெல்லாம் நின்றுகொண்டே ஏலம் விட்டவர் அவர். மூக்கைச் சொறிந்தவன் தலையில்கூட ஒரு கூடை மீனைக் கட்டிவிடுவார் என்று மகன் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட தொண்டை ஒரே நாளில் அடைத்துப்போனது. வலது கையும் காலும் போயின. மிஞ்சியது "ஹா" என்று ஒரு சத்தமும், ஆடக்கூடிய தலையும், இடது கையும் காலும்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். தலையணை உயரம், மூத்திரம், மின்விசிறி. அவள் கேட்பாள், அவர் தலையாட்டுவார், அவள் செய்வாள், அவர் அமைதியாகிவிடுவார். சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்பதற்கு அந்த அமைதியே சாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வருவார். பேருந்து டிப்போவில் மேற்பார்வை வேலை, ஓய்வுபெறப் போகிற வயது. அப்பாவின் எதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்ப்பார், பழத்தை உரிப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் அவள்தான், ஐயா உங்களைச் சாப்பிட்டீங்களான்னு கேக்கறார் சார் என்றாள். மகனின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அப்பா அப்படிக் கேட்கிற ஆளே கிடையாதே என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக மகன் கேட்டது, ஐயா என்ன சொல்றார் என்றுதான். வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பேரன் வேலையைப் பற்றிக் கேட்டார் என்றாள். வீட்டில் தண்ணீர்த்தொட்டி ஒழுகுவதைச் சரிபார்க்கச் சொன்னார் என்றாள். தொட்டி ஒழுகுவதை மகனே முந்தின வாரம் சொல்லியிருந்தார். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் கண்ணைப் பார்த்தால் அது தெரிந்தது. தலையணையைப் படித்த அதே கண்ணால்தான் இதையும் படித்தாள். தலையணைக்குச் சாட்சி இருந்தது, இதற்கு இல்லை என்ற வித்தியாசம் அப்போது கண்ணில் படவில்லை. அப்பனும் மகனும் ஆயுசுக்கும் பேசியதைவிட இந்த இல்லத்தில்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள் என்று பெரிய சிஸ்டர் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

சர்க்கரை நோய் காலில் கைவைத்தது அந்தச் சமயத்தில்தான். இடது காலின் சுண்டுவிரல் கறுத்தது, பிறகு பக்கத்து விரல், பிறகு பாதம். அறைக்குள் நுழையும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. மகனை வரவழைத்து டாக்டர் வளவளவென்று இழுக்காமல் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம்; இதயம் தாங்குமா என்பது சந்தேகம், தாங்கினால் கொஞ்ச காலம் கிடைக்கும். இல்லையென்றால் காலைத் தொடாமல், வலி தெரியாமல் மருந்து கொடுத்துக்கொண்டே போகலாம். எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. இரண்டிலும் தப்பில்லை, அவருக்கு எது இஷ்டமோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன் அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். நின்றுகொண்டே சம்பாதித்த மனுஷன், காலை எடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன், எடுக்காதீர்கள் என்று சொல்லிச் சாக எப்படி விடுவேன் என்று ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க கேளுங்கம்மா. உங்ககிட்டதான் சொல்வார். அவர் என்ன சொல்றாரோ அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் பயந்தாளா என்றால் இல்லை. கேட்கத் தகுந்த ஆள் நான்தான் என்ற எண்ணம்தான் இருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். இடது கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஐயா, கால் ரொம்ப வலிக்குதில்ல? அந்தக் காலை எடுத்துட்டா வலி போயிடும்னு டாக்டர் சொல்றார். எடுத்துடலாம், என்ன? சரிதானே?"

சொல்லும்போதே அவள் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஏலக்காரர் அவளையே பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டினார். ஒன்றுக்கு இரண்டு தடவை ஆட்டினார். மகன் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எழுந்தபோது பாரம் இறங்கின முகமாக இருந்தார். அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

காலை எடுத்தார்கள். இதயம் தாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை இல்லத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகு, மருந்து மயக்கம் தெளிந்த ஒரு மதியம், அவர் இடது கையால் போர்வைக்கடியில் தேடினார். துழாவித் துழாவி, போர்வையைத் தூக்கி, இல்லாத இடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. நீளமாக, மூச்சு தீரும்வரை. மகன் பக்கத்தில் இருந்தார். வழக்கம்போல, ஐயா என்ன சொல்றார் என்று கேட்டார். பாரம் போச்சுங்கறார் சார் என்றாள் அவள். சொல்லிக்கொண்டே போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இல்லத்தில் புதிதாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை வாரத்தில் ஒரு காலை மட்டும் வரச்சொல்லியிருந்தார்கள். படிப்பு முடித்த கையோடு வந்த சின்னப்பெண். சிஸ்டர்களைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவாள். ஏலக்காரரின் அறைக்கு அவளைக் கூட்டிப்போனது இவள்தான். நீங்க எதுக்கும் சிரமப்பட வேண்டாம், ஐயா எல்லாத்துக்கும் பதில் சொல்வார், நான் கேட்டுச் சொல்றேன் என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, கொஞ்சம் ஐயா பார்வையில் படாமல் பின்னால் நில்லுங்கக்கா என்று கேட்டுக்கொண்டாள்.

பைக்குள்ளிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் காட்டினாள். இது டம்ளரா என்று கேட்டாள். ஏலக்காரர் தலையாட்டினார். வாயக்கா பின்னால் நின்று பூரித்துப்போனாள். அதே டம்ளரைக் காட்டி, இது சீப்பா என்று கேட்டாள். தலையாட்டினார். நீங்க ஒரு பெண்ணா என்று கேட்டாள். தலையாட்டினார். இப்போது மழை பெய்கிறதா என்றாள். ஜன்னல் வழியாக வெயில் கட்டிலின்மேல் விழுந்துகிடந்தது. அதற்கும் தலையாட்டினார். படங்களை வரிசையாக வைத்துத் தொட்டுக்காட்டச் சொன்னாள். அவர் கை ஒரே படத்தின்மேல் போய்ப் போய் உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். காதில் விழுவது புரியாமல் இருக்கலாம். புரிந்தும், வேண்டாம் என்று தலையை ஆட்ட முடியாமல் இருக்கலாம். பழகப் பழகத்தான் தெரியும், இப்போதைக்கு அவர் ஆமாம் என்பதை ஆமாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "எதைக் கேட்டாலும் ரெண்டு பக்கமும் கேட்டுப் பாக்கணும்கா. வேணுமான்னு கேட்டா, அப்புறம் வேண்டாமான்னும் கேக்கணும். நம்ம முகத்துல பதில் இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு, தான் ஏதோ அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்ட மாதிரி பையை மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

வாயக்கா திரும்ப உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு கேள்விக்காவது அவர் தெரிந்துதான் பதில் சொன்னார் என்று ஆகிவிட்டால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதே போலக் கையைப் பிடித்தாள். அதே போலச் சிரித்தாள்.

"ஐயா, காலை எடுத்திருக்கக் கூடாதுதானே?"

ஏலக்காரர் தலையாட்டினார். ஒன்றுக்கு இரண்டு தடவை ஆட்டினார்.

கையை விட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பையும் எடுத்துவிட்டு, தலையை அசைக்காமல், எதையும் காட்டாமல் அதையே இன்னொரு முறை கேட்டாள். இந்த முறை அவர் தலையாட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், மறுபடி கண்ணுக்கு வந்தார். எங்கேயாவது ஒரு துப்புக் கிடைக்குமா என்று மேய்ந்த அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. வாசலில் நின்றுகொண்டு அவளும் இப்படித்தான் அப்பாவைப் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நாளும் இந்த அறையில் படித்துக்கொண்டிருந்தது அவள் இல்லை. தன்னைத் தூக்குகிற, துடைக்கிற, ஊட்டுகிற ஒருத்திக்கு என்ன பதில் சொன்னால் கோபம் வராது என்று பார்த்துப் பார்த்து அந்த மனிதர் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அல்லது அதுவும் இல்லையோ என்னவோ. இதுவும் அவளாகக் கட்டிக்கொண்ட கதையோ என்னவோ. எப்படித் தெரிந்துகொள்வது?

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்ததும் தாழ்வாரத்திலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள். டம்ளரைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், தான் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டதையும் அவர் தலையாட்டியதையும் மறைக்காமல் சொன்னாள். வார்த்தை வரவரத் தனக்கு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. எதிரே நின்றவரின் முகத்தில் அவள் சொன்னது ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ நான் யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்?"

அவள் தாழ்வாரத்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

"இதை இப்ப எதுக்கும்மா எங்கிட்ட சொல்றீங்க? காலைத் திருப்பி வைக்கப்போறாங்களா?"

உள்ளே போனார். பழத்தைப் பையிலிருந்து எடுத்து, உரிக்காமலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏலக்காரர் மகனைப் பார்த்து "ஹா" என்றார். பழக்க தோஷமோ, கெஞ்சலோ, மகன் அவள் பக்கம் திரும்பி ஐயா என்ன சொல்றார் என்று கேட்டார். அவளுக்குத் தொண்டை வரைக்கும் நாலைந்து பதில் வந்து நின்றது. எதைச் சொல்லியிருந்தாலும் மகன் வாங்கிக்கொண்டிருப்பார்.

"தெரியல சார்" என்றாள்.

மகன் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் வரவில்லை. இல்லத்து அலுவலகத்துக்கு மட்டும் போன் பண்ணி, அப்பாவுக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று சொன்னாராம். பெரிய சிஸ்டர் அவளைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். உண்மையைச் சொன்னது தப்பில்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிச்சம் வைத்தாய் சொல்லு என்றார். இத்தனை காலம் இங்கே வேலை பார்த்து, ஆறுதல் என்றால் என்னவென்று தெரியாதவள் மாதிரி நடந்துகொண்டாயே என்றும் கேட்டார். பிறகு அவளை மேல்தளத்தில் பெண்கள் பிரிவுக்கு மாற்றி எழுதினார்.

ஏலக்காரருக்குப் போட்ட புதுப் பெண் துறுதுறுவென்று இருந்தாள். வாயக்கா அவளைப் படிக்கட்டில் நிறுத்தி, எதையும் ரெண்டு பக்கமும் கேட்டுப்பாரு, கேட்கும்போது நீ தலையை ஆட்டாதே என்று சொன்னாள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள்.

"சரிக்கா. ஆனா அவ்ளோ கஷ்டமே இல்லக்கா. எனக்கு அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சிடுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணி மூட்டையைக் கீழே போட இறங்கியபோது அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. ஐயா உங்களை ஏன் ரெண்டு வாரமா வரலைன்னு கோவிச்சுக்கறார் சார் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மகன் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வேலைப்பா, வேலை விடமாட்டேங்குது, இனிமே தவறாம வரேன் என்றார். ஏலக்காரரின் முகம் இவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது தெரிந்துவிடும், தெரிந்தது உண்மையா என்று தெரியாது.

மேலே அவள் பொறுப்பில் இருந்தது இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பேச்சில் ஒரு குறையும் இல்லை, கணீரென்று பேசுவார். மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பியவளிடம், வெயில் முகத்தில் அடிக்கிறது, அந்த ஜன்னலைச் சாத்து என்றார்.

அவள் கட்டிலருகே போய், முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றாள்.

"ஜன்னலைச் சாத்தணுமாம்மா?"

"ஆமா, அதைத்தானே சொன்னேன்."

"திறந்தே இருக்கட்டுமாம்மா?"

ஆசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுதா, இல்லையா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் அப்படியே நின்றாள். வெயில் ஆசிரியையின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.